கோதுமைக் கஞ்சியும் எங்கள் மகளின் முகமும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுவைக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் பரந்து கிடக்கும் உப்பளங்களைக் கண்டிருப்பார்கள். தை பிறந்து வெயில் ஏறினால் பாத்திகளில் உப்பு விளையும். ஐப்பசி மழை தொடங்கினால் வேலை ஓயும். அந்த உப்பை நம்பி வாழும் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. உப்பளத்தில் கணக்கெழுதி வந்த வருவாயில்தான் நாங்கள் இரண்டு பெண்மக்களை வளர்த்தோம்.

எங்கள் வீட்டில் சோறும் மீன்குழம்பும் அன்றாட உணவு. கோடையில் கேழ்வரகுக் கூழும் கருவாடும். கோதுமை எங்களுக்கு நோயாளியின் உணவாகவே இருந்தது. சர்க்கரை நோய் என்றால் சப்பாத்தி, காய்ச்சல் என்றால் ரொட்டி, உடல் மெலிந்தால் கோதுமைக் கஞ்சி: இதுவே நாங்கள் அறிந்த வைத்தியம். அந்த வைத்தியத்தால் எங்கள் மூத்த மகளுக்கு நாங்களே இழைத்த தீங்கைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். மற்றொரு பெற்றோர் எங்களைப்போல் தவறாதிருந்தால் அதுவே போதும்.

செவிலியர் படிப்பை முடித்த அவள், 2017-ஆம் ஆண்டு தில்லிக்கு வேலைக்குச் சென்றாள். விடுதியில் காலையில் பராத்தா, இரவில் சப்பாத்தி. முதல் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சற்று மெலிந்திருந்தாள். ஊரில் மூன்று வாரம் தங்கிச் சோறு உண்டதும் தெளிவடைந்தாள். “வடநாட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லி அனுப்பிவைத்தோம். அடுத்த ஆண்டு வந்தவளை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. முகம் வெளுத்து, கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்திருந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக மயிர் வந்தது. வாய்க்குள் புண் ஆறுவதும் வருவதுமாக இருந்தது. கைகால் மெலிந்திருக்க, வயிறு மட்டும் உப்பியிருந்தது.

அந்த விடுமுறையில்தான் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்தார்கள், கனிவாகப் பேசினார்கள், போய்விட்டார்கள். “பெண்ணுக்கு ஏதோ உள்நோய் இருக்கும் போலிருக்கிறது” என்று அவர்கள் கூறியதாக ஒரு வாரத்துக்குள் செய்தி வந்தது. அவமானம் ஒருபுறம், அச்சம் ஒருபுறம். பிள்ளையைத் தேற்றியே ஆகவேண்டும் என்று உறுதி பூண்டோம். நாள்தோறும் விடியற்காலையில் பாலும் வெல்லமும் சேர்த்துக் கோதுமைக் கஞ்சி காய்ச்சி, அவள் வேண்டாமென்றாலும் வற்புறுத்திக் குடிக்கச் செய்தோம். “குடித்தால் வயிறு வலிக்கிறது, அம்மா” என்று அவள் சொன்னபோது, “பலவீனத்தால் வலிக்கிறது” என்று இன்னும் ஒரு குவளை ஊற்றினோம். முந்திய ஆண்டு ஊருக்கு வந்து தேறியவள், இம்முறை ஊரிலேயே நலிந்தாள். அதன் பொருள் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

இரத்தசோகை என்று கூறி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை. இறுதியில், அவள் பணிபுரிந்த இடத்திலிருந்த மூத்த மருத்துவர் ஒருவர், “எந்த நாள்களில் உனக்கு நலமாக இருந்தது? அப்போது என்ன உண்டாய்?” என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேளாத கேள்வி அது. இரத்தத்தைச் சோதித்தார்கள், குழாய் விட்டுச் சிறுகுடலின் துணுக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். 2019-இல் நோயின் பெயர் தெரிந்தது: சீலியாக் நோய்.

பரோட்டா மாவு பிசையும்போது இழுத்த இழுப்புக்கு வருகிறதே, அந்தப் பசைத்தன்மையைத் தருவது குளூட்டன் என்னும் புரதம். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் அது உண்டு. பெரும்பாலோர்க்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை. பிறவியிலேயே குறிப்பிட்ட மரபுக்கூறு உடையவர்களுள் சிலருக்கு மட்டும், அதைக் கண்டு உடலின் காவற்படை தன் குடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் துவாலை இழைகளைப்போல் நெருங்கி நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. உண்ணும் உணவிலுள்ள இரும்பும் சுண்ணாம்பும் வைட்டமின்களும் உடலில் சேராமல் போகின்றன. முகவெளுப்பும் முடியுதிர்வும் வாய்ப்புண்ணும் அதன் வெளி அடையாளங்களே. வேறு சிலருக்கு முழங்கையிலும் முழங்காலிலும் பொறுக்கமுடியாத அரிப்புடன் கொப்புளங்கள் தோன்றும். 1884-இல் தூரிங் என்னும் அமெரிக்க மருத்துவர் அத்தோல்நோயை விவரித்தார். அதுவும் இந்நோயின் மற்றொரு முகம் என்பது பல ஆண்டுகள் கழித்தே புலனாயிற்று.

கோதுமைதான் காரணம் என்று நிறுவியவர் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். முன்பே அவருக்கு இந்த ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், ஹாலந்து நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைக்காமல் மக்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள். அக்காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதும், ரொட்டி மீண்டும் வந்தபோது நலிந்ததும் அவருடைய ஐயத்தை வலுப்படுத்தின. 1950-இல் அவர் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். ஹாலந்தில் பஞ்சம் காட்டிய உண்மையை எங்கள் மகளின் விடுமுறைகள் எங்களுக்குக் காட்டின. நாங்கள்தான் காணத் தவறினோம்.

தில்லி மருத்துவருக்கு இந்நோய் பழக்கமானதற்குக் காரணம் உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, நம் நாட்டில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தது. இந்நோயின் அறிகுறி வடக்கே நூற்றுக்கு ஒருவருக்கு மேல் காணப்பட்டது. தெற்கே, வேலூர்ப் பகுதியில், ஆயிரத்துக்கு ஒருவருக்கே காணப்பட்டது. மரபுக்கூறு இரு பகுதியினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. உண்ணும் கோதுமையின் அளவோ பன்மடங்கு வேறுபட்டது. சோறும் கூழும் இத்தனை காலம் எங்கள் மகளைக் காத்து வந்தன போலும்.

இதற்கு மருந்தில்லை, வாழ்நாள் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவே மருந்து. சொல்வது எளிது. ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், கிறிஸ்துமஸ் கேக் அனைத்தும் விலகின. அப்படியும் வாய்ப்புண் வந்தது. தேடிப் பார்த்தால், சாம்பாரில் இட்ட கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருந்தது! மாவு மில்லில் எங்கள் கேழ்வரகுக்கு முன் யாரோ கோதுமை அரைத்திருந்தார்கள். இப்போது வீட்டிலேயே அரைக்கிறோம். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே அப்பொருளுக்குக் குளூட்டன் அற்றது என்னும் பெயர் கூடாது என்பது நம் நாட்டு விதி. அத்தனை சிறு அளவும் கணக்கில் வரும்.

சில வாரங்களில் வயிற்று வலி நின்றது. சில மாதங்களில் கன்னத்தில் சதை பிடித்தது. நெற்றியோரத்தில் புதுமயிர் அரும்பியது. ஓராண்டில் பழைய முகம் திரும்பிற்று. முன்பு மறுத்துச் சென்ற வீட்டார் மறுபடியும் சொல்லியனுப்பினார்கள். “நோயோடு வேண்டாமென்றவர்களுக்கு, அது அடங்கியதும் நான் எதற்கு, அப்பா?” என்றாள். எங்களிடம் மறுமொழி இல்லை.

எங்களை மிகவும் வருத்தியது மற்றொன்று. நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. திருச்சபையின் சட்டம் அப்படி. உயிர்ப்புப் பெருவிழாவன்று அவள் நற்கருணை வாங்கச் செல்லாமல் இருக்கையிலேயே இருந்தாள். ஊரார் பார்த்தார்கள், நாங்கள் தலை குனிந்தோம். பங்குத்தந்தையிடம் சென்று அழுதோம். அவர் அமைதியாக விளக்கினார். குளூட்டன் முற்றிலும் நீக்கிய அப்பம் செல்லாது. மிகக் குறைந்த அளவு உள்ள அப்பம் செல்லும். அதுவும் ஒவ்வாதவர் திருஇரத்தத்தை மட்டும் பெறலாம்: 2003-இல் உரோமை இவ்வாறு தெளிவுபடுத்தி, 2017-இல் மீண்டும் நினைவூட்டியிருக்கிறது. இரு வடிவங்களுள் எதிலும் கிறிஸ்து முழுமையாகவே இருக்கிறார். “குறை ஒன்றுமில்லை அம்மா” என்றார் அவர். அப்பத்தின் துணுக்கு விழாத தனிக் கிண்ணத்தில் இப்போது அவள் பெறுகிறாள்.

இவ்வளவும் கண்ட எங்கள் இளைய மகள், அக்காவின் முகப்பொலிவுக்குக் கோதுமையை விட்டதே காரணம் என்று தானும் விட்டுவிட்டாள். குளூட்டன் இல்லாத பிஸ்கட் என்று பொட்டலத்துக்கு நூற்றுக்கணக்கில் செலவழித்தாள். அதில் இருந்ததெல்லாம் மாச்சத்தும் சர்க்கரையுமே. முகம் பொலியவில்லை, இடைதான் பெருத்தது. இந்நோய் உள்ளவரின் உடன்பிறந்தோருக்கும் அது வரக்கூடுமாதலால் அவளையும் சோதிக்க வேண்டியிருந்தது. ஆனால் கோதுமையை நிறுத்தியபின் சோதித்தால் நோய் மறைந்து நிற்கும். ஆகவே மருத்துவர் சொற்படி சில வாரங்கள் மறுபடியும் சப்பாத்தி உண்டு, பிறகு இரத்தம் கொடுத்தாள். அவளுக்கு நோய் இல்லை. இன்று அவள் விரும்பியதை உண்கிறாள்.

வாசக அன்பர்களே, பிள்ளையின் முகம் வாடினால், எங்களைப்போல் நீங்களே வைத்தியம் முடிவு செய்யாதீர்கள். ஒருவரைத் தேற்றிய பத்தியத்தை அழகுக்கென்று மற்றவருக்குச் சொல்லாதீர்கள். சோதிக்கும் முன் கோதுமையை நிறுத்தவும் வேண்டாம். எல்லாவற்றிலும் முதன்மையாக, “வலிக்கிறது” என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். அந்த ஒரு சொல்லை நாங்கள் அன்றே நம்பியிருந்தால், எங்கள் மகள் அத்தனை குவளைக் கஞ்சியைக் குடித்திருக்கமாட்டாள்.