யாருங்க இந்த காயத்ரி?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மாடிப்படிக்குக் கீழே நின்று அப்பா குரல் கொடுத்தால், பொதுவாக இரண்டே காரணம்தான். மோட்டார் ஓடியும் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அல்லது பேப்பர்காரப் பையன் வேறு பேப்பரைப் போட்டுவிட்டான். 2024 ஆடி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதாக ஒன்று வந்தது.

"டேய்... வண்டிக் கண்ணாடி போச்சுடா!"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். எங்கள் மாருதி ஓம்னியின் டிக்கிக் கதவில் கண்ணாடி இருந்த இடத்தில் காற்று இருந்தது. கீழே கல்கண்டு மூட்டை அவிழ்ந்த மாதிரி கண்ணாடிச் சில்லுகள். முக்கால்வாசியை அப்பா ஏற்கெனவே பெருக்கி முறத்தில் அள்ளியிருந்தார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் குடும்ப வரலாற்றில் அப்பா துடைப்பத்தைத் தொட்டதாகச் செய்தியே கிடையாது.

"யாருப்பா?"

"வேற யாரு? தெருவுல ஆடுதே வானரங்க... பந்துதான்."

அந்த ஓம்னியைப் பற்றி இரண்டு வார்த்தை. 2004-ல் அப்பா ஊதுபத்தி ஏஜென்சி எடுத்தபோது வாங்கியது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஊதுபத்தி, கற்பூரம், சாம்பிராணி என்று அடுக்கிக்கொண்டு தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை கடை கடையாகப் போவார். ஏஜென்சியை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. வாசனை விடவில்லை. ஒருமுறை ராத்திரி செக்கிங்கில் கதவைத் திறக்கச் சொன்ன போலீஸ்காரர், ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "கோயிலுக்கா? போங்க, போங்க" என்று அனுப்பிவிட்டார். 71 வயதிலும் அப்பாதான் ஓட்டுவார். நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தால், பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அவருக்குக் கால் வீங்கிவிடும்.

தெருமுனைக்குப் போனேன். ஐந்தாறு பையன்கள். பெரிய பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்.

"அங்கிள், சத்தியமா நாங்க இல்ல. டென்னிஸ் பால் அங்கிள். இதுல எப்படி உடையும்?"

நியாயமான கேள்வி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, காபி குடிக்காதவனிடம் நியாயம் செல்லுபடியாகாது. பேட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். "உங்கப்பாவை வந்து வாங்கிக்கச் சொல்லு!" அந்தப் பையன் அழவில்லை. முறைத்துக்கொண்டு நின்றான். அதுதான் கொஞ்சம் உறுத்தியது. பேட்டை வராந்தா மூலையில், குடைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன்.

அடுத்தது கணக்கு. படித்தது பி.காம். ஆச்சே! 2,20,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி. குறைந்து செல் மதிப்பு முறையில் வருஷம் 15 சதவீதம் தேய்மானம் போட்டால், இருபதாவது வருஷம் மிச்சம் 8,500 ரூபாய்ச் சொச்சம். பாலன்ஸ் ஷீட்டில் கிட்டத்தட்ட செத்துப்போன சொத்து. இன்ஷூரன்ஸோ வெறும் தேர்டு பார்ட்டி. நாம் அடுத்தவன் வண்டியை உடைத்தால்தான் பணம் வரும். நம் கண்ணாடி உடைந்தால் அனுதாபம்கூட வராது. ஓம்னி உற்பத்தியை மாருதி 2019-லேயே நிறுத்திவிட்டது. புதுக் கண்ணாடி கேட்டதற்கு ஸ்பேர் கடைக்காரர், "ஆர்டர் போட்டுப் பாக்கலாம் சார், பத்து நாளாவது ஆகும்" என்றார்.

வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டித் தரும் கடையில் அளவு கொடுத்தால் என்ன? கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது டஃப்பன்ட் கிளாஸ் சார். முதல்ல அளவுக்கு வெட்டி, வளைச்சு, அப்புறம்தான் சூடு காட்டுவாங்க. ஒரு தடவை சூடு காட்டிட்டா எந்தக் கொம்பனாலும் வெட்ட முடியாது. வெட்டுனா பொடிப்பொடியாப் போயிடும்."

விஷயம் இதுதான். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைக்கிறார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடுகிறது. உள்ளே இருப்பது பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கிறது, முடியவில்லை. அந்த இழுபறியில்தான் கண்ணாடிக்கு அவ்வளவு பலம். எங்காவது ஓர் இடத்தில் ஆழமாக அடி விழுந்தால் மொத்த இழுபறியும் ஒரே நேரத்தில் அவிழ்ந்து, கத்தி மாதிரி குத்தாமல் சின்னச் சின்ன சில்லாகக் கொட்டிவிடுகிறது. முன்பக்கக் கண்ணாடி வேறு ஜாதி. நடுவில் பிளாஸ்டிக் ஷீட் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. விரிசல் விடும், ஆனால் கொட்டாது.

ஆக, ஒரே வழி புதுப்பேட்டை.

புதுப்பேட்டை தெரியாதவர்களுக்கு: எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற தெருக்கள். ஒரு கடை முழுக்கக் கதவு, ஒரு கடை முழுக்க ஹெட்லைட். காரை நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால், நம் காரையே நமக்கு ஸ்பேர் ஸ்பேராக விற்பார்கள் என்று ஊரில் ஒரு பழைய கிண்டல் உண்டு. அப்பாவுக்குப் புதுப்பேட்டை என்றால் மாமியார் வீடு. ஒரு போல்ட் வாங்கக்கூட அரை நாள் பேரம் பேசிவிட்டு, பெருமையாக வருவார். திங்கட்கிழமை நான் கிளம்பியபோது, "நீ போய்ட்டு வாடா. எனக்கு முட்டி வலிக்குது" என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

டிக்கியில் பாலிதீன் ஷீட்டை ஒட்டிக்கொண்டு, ஆடிக் காற்றில் அது படபடவென்று அடிக்க, போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது கடையில் கண்ணாடி கிடைத்தது. வெள்ளைத் தாடி வைத்த பாய் ஒருவர் கண்ணாடியைத் துடைத்து, மூலையில் பதித்திருந்த ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காட்டினார். "அசல் கம்பெனி பீஸ் சார். ஒரு கீறல் கிடையாது." கீறல் இல்லைதான். நடுவில் சிவப்பு ரேடியம் ஸ்டிக்கரில், அரையடி உயரத்துக்குக் 'காயத்ரி' என்று இருந்தது.

"அது ஒண்ணுமில்ல சார், பிளேடு போட்டா பத்து நிமிஷத்துல போயிடும்."

கண்ணாடி 900, மாட்ட 300. பேசி முடித்ததும், பாய் டிக்கிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்த பழைய ரப்பர் பீடிங்கை உருவினார். உருவியவர் நின்றார். கீழ் விளிம்புத் தகட்டைக் கட்டை விரலால் தடவினார்.

"எப்படி சார் உடைஞ்சுது?"

"கிரிக்கெட் பால்."

"பந்து பட்டா கண்ணாடிதான் சார் போவும். தகடு எதுக்கு உள்ள மடங்குது? இங்க பாருங்க, பெயிண்ட் வேற ஒட்டியிருக்கு. பச்சை. இது ரிவர்ஸ்ல எங்கயோ..."

எங்கள் வீட்டு கேட் பச்சை. உச்சியில் வரிசையாக ஈட்டிமுனை. காலையில் காய்கறி வாங்கப் போய் வந்து வண்டியை ரிவர்ஸில் உள்ளே விடுவது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்.

"பந்துன்னு யாரு சார் சொன்னது?"

"எங்கப்பா."

பாய் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "அப்ப பந்தாத்தான் இருக்கும் சார்" என்றார். மரச் சுத்தியலை எடுத்தார். "நாலு தட்டுல நிமிர்ந்துடும். ஒருத்தருக்கும் தெரியாது."

அப்பாவின் இடது கண்ணில் புரை இருப்பது ஒரு வருஷமாக எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆபரேஷனுக்குக் கூப்பிட்டால் ஐப்பசி கழியட்டும், மார்கழி கழியட்டும் என்று பஞ்சாங்கம் சொல்வார். 2025-ல் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அந்த வயதில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொடுத்துப் புதுப்பித்தாக வேண்டும். டாக்டர் கண்ணைப் பார்ப்பார். அவர் எதைக் கண்டு பயந்தார் என்று புதுப்பேட்டை பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டு எனக்குப் புரிந்தது. கூடவே வராந்தா மூலையில் சாத்தி வைத்த பேட்டும் ஞாபகம் வந்தது.

"சார், வண்டிக்குள்ள ஏறுங்க. கயிறு இழுக்க ஆள் வேணும்."

கண்ணாடி மாட்டுவதை எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டும். கண்ணாடியின் ஓரம் முழுக்க ரப்பர் பீடிங்கை மாட்டி, பீடிங்கின் உள்பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நைலான் கயிறைப் புதைத்து, இரண்டு முனையையும் கீழே தொங்க விடுகிறார்கள். மேலே சோப்புத் தண்ணீர். அப்படியே தூக்கிக் கதவில் வைத்து, வெளியிலிருந்து பாய் உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்த, உள்ளே நான் கயிறை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்பக்கமாக 'பொளக் பொளக்' என்று புரண்டு உட்காருகிறது. அவசரப்பட்டால் ரப்பர் கிழியும். "மெதுவா சார், மெதுவா... மூலையில அழுத்தம் தெரியும், அங்க நிதானம்." கயிறு முழுக்கக் கைக்கு வந்ததும் ஒரு பக்கெட் தண்ணீரை வீசி ஊற்றினார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

யோசனையோடு ஓட்டி வந்ததில் ஸ்டிக்கரைச் சுத்தமாக மறந்துபோனேன். நங்கநல்லூர் வந்து வண்டியை நிறுத்தினால், வாசலில் கோலப்பொடி டப்பாவோடு மனைவி.

"யாருங்க இந்த காயத்ரி?"

விளக்கம் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. நம்ப அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது.

வராந்தாவில் குடை இருந்தது, பேட் இல்லை. தெருமுனையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பெரிய பையன் என்னைப் பார்த்ததும் பேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"தாத்தாதான் குடுத்தாரு அங்கிள். புதுப் பாலும் வாங்கிக் குடுத்தாரு. அவர்தான் கேட்ல இடிச்சாராம். உங்ககிட்ட அவரே சொல்லிக்கிறாராம்."

"சாரிடா" என்றேன். "பரவால்ல அங்கிள்" என்றான். முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா டிக்கிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, சோப்புத் தண்ணீர் தொட்டுப் பழைய ஷேவிங் பிளேடால் காயத்ரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் வண்டிக்குள் ஏறி, கிடந்த சில்லுகளைப் பொறுக்கினேன். இருவருக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி. கால் மணி நேரம் யாரும் பேசவில்லை.

"எவ்வளவு குடுத்தே?"

"மொத்தம் 1,200."

"ஆயிரத்துக்கு முடிச்சிருப்பேன்."

துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டு எழுந்தார். "சுத்தமா போயிடுச்சில்ல?"

காயத்ரியின் 'கா'வில் துணைக்கால் அப்படியே நின்றது. சிவப்பாக, அரையடி உயரத்துக்கு. பளிச்சென்று தெரிந்தது.

"இல்லப்பா" என்றேன். "இடது பக்கம்."

குனிந்தார். முகத்தைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோனார். பிறகு விரலால் தடவித் தேடிக் கண்டுபிடித்தார். பிளேடை எடுக்காமல், விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அந்தக் கண் டாக்டர் திங்கக்கிழமைல இருப்பாராடா?"

"இருப்பாருப்பா."

"நீயே ஓட்டு" என்றார். "ஆனா ரிவர்ஸ் எடுக்கறப்ப நான் இறங்கி நின்னு சொல்றேன்."