எட்டுத் தடவை

2008ல் ‘வாரணம் ஆயிரம்’ வந்தபோது, சூர்யாவின் சிக்ஸ்பேக்கைப் பார்த்துவிட்டு ஜிம்மில் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டினேன். பதினோரு நாள் போனேன். அதற்கென்று வாங்கிய ஷூ, பிறகு பல வருஷம் காய்கறிக் கடைக்குப் போய்வந்தது.

அதற்கப்புறமும் ஜனவரிக்கு ஜனவரி ஒரு லட்சியம் வைத்துக்கொள்வேன். பத்து கிலோ குறைப்பேன், தொப்பையை ஒழிப்பேன் என்று. பொங்கலுக்குள் அது காலாவதியாகிவிடும். பழியைச் சர்க்கரைப் பொங்கல் மேல் போட்டுவிடலாம்.

போன வருஷம் ஒருநாள் காலையில், அம்மா பாத்ரூமில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். வயது எழுபத்தெட்டு. எடை நாற்பத்தெட்டு கிலோதான். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. ஆனால், எழுந்திருக்க முடியவில்லை. நான் தூக்கிப் பார்த்தேன். என்னாலும் முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

“நீ விடுடா... பால் போடற பையனைக் கூப்பிடு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

மறுவாரம், தெருமுனையில் இருக்கும் பழைய ஜிம்முக்குப் போனேன். ஏசி கிடையாது. கர்லாக்கட்டை உண்டு. “எதுக்கு சார் வந்திருக்கீங்க?” என்றார் மாஸ்டர்.

“பத்து கிலோ குறையணும். பலமும் வேணும்.”

“குறையறது உங்க கையில இல்ல சார். வாரத்துல மூணு நாள் வர்றது உங்க கையில இருக்கு. அதை மட்டும் எழுதுங்க” என்று ஒரு நோட்டை நீட்டினார்.

முதல் இலக்கு என்ன தெரியுமா? கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். எட்டுத் தடவை. உள்ளுக்குள் சிரித்தேன். ஏழாவது தடவை தொடை நடுங்கியது. அடுத்தது, முதுகை வளைக்காமல் தரையிலிருந்து ஐந்து கிலோவைத் தூக்குவது. எட்டு, பன்னிரண்டாக வளர்ந்து, அதுவும் சுலபமாக வந்தால்தான் எடை கூடும். கூடியதும் மறுபடி எட்டிலிருந்து ஆரம்பம்.

இது மாஸ்டர் கண்டுபிடித்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் கால்களைத் தேற்றிய தாமஸ் டிலார்ம் என்ற ராணுவ டாக்டர் இப்படித்தான் செய்தார். இன்று எவ்வளவு தூக்க முடிகிறது என்று அளந்து, அங்கிருந்து படிப்படியாக ஏற்றினார். 1945ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். இலக்கு நேற்றைய நம்மிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும், சூர்யாவிடமிருந்து அல்ல!

ஆறு மாதம் கழித்து, கேஸ் சிலிண்டரை நானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கேஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட முப்பது. அம்மாவின் முழங்கால் வலிக்காக ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனபோது, அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன்: “இனிமே அம்மா விழுந்தா, நானே தூக்கிடுவேன்.”

“தூக்காதீங்க சார்” என்றார் அவர். “அடி இல்லைன்னு உறுதியானா, பக்கத்துல ஒரு நாற்காலியைப் போடுங்க. மண்டி போட்டு, அதைப் பிடிச்சு அவங்களே எழுந்திருக்கணும். அதுக்கு அவங்க கால்ல பலம் வேணுமே... அதுக்கு என்ன பண்றீங்க?”

பதில் இல்லை. ஆறு மாதமாக அந்த நோட்டில் என் கணக்கு மட்டும்தான் இருந்தது.

அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. நான்தான் அம்மாவை ஒரு சுமையாக மட்டும் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இப்போது நோட்டில் இரண்டு பத்திகள். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, அதன் கையைப் பிடித்தபடி அம்மா எழுந்து உட்காருகிறாள். மூன்றில் ஆரம்பித்தது, நேற்று ஆறு.

“எட்டு வந்துட்டா என்னடா தருவே?”

“நாற்காலியைப் பிடிக்காம எழுந்திருக்கச் சொல்லுவேன்.”

“போடா!” என்றாள். ஆனால், நோட்டை எடுத்து ‘6’ போட்டது அவள்தான்.