பிறக்காத கன்றுகளின் வழக்கு

எருமை குளிரில் சாகுமா? முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றத்தில் என் கட்சிக்காரருக்கு எதிராக வந்த வழக்கை இந்த ஒரு கேள்வியாலேயே முடித்துவிடலாம் என்று வழக்காளியின் சட்டத்தரணி நம்பினார். "நாள் முழுக்கச் சேத்துக்கையும் தண்ணிக்கையும் கிடக்கிற மிருகம், ஒருநாள் தூறலுக்குச் செத்துப்போச்சாம்" என்று அவர் இழுத்துச் சொன்னபோது மன்றில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வன்னியில் எருமையைப் பார்க்காதவர் யாருமில்லை. அதனால் அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் பயத்தையே தந்தது.

2022 டிசம்பர் 8, 9ஆம் திகதிகளில் வடக்கில் அடித்த காற்று பலருக்கு நினைவிருக்கும். மாண்டஸ் புயல் எங்கள் கரையைத் தொடாமல் போய், 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. ஆனால் அதன் குளிர்காற்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா தொடக்கம் கிழக்கு வரை பட்டி பட்டியாக மாடுகளைச் சாய்த்துவிட்டது. இரண்டு மாகாணங்களிலும் செத்த கால்நடைகள் ஆயிரத்தைத் தாண்டின. ஏதும் தொற்றுநோயோ என்ற அச்சத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து இறைச்சி வெளியே போவதை அரசாங்கம் சில நாள் நிறுத்தி வைத்தது. மாதிரிகளைப் பேராதனையில் பரிசோதித்த பிறகு, கடுங்குளிரே காரணம் என்று அறிவித்தார்கள்.

என் கட்சிக்காரர் ஒட்டுசுட்டான் பக்கத்து எருமைப் பட்டிக்காரர். அறுபதைத் தாண்டியவர். 2009 போருக்கு முன் சொந்தப் பட்டி வைத்திருந்தவர். அதை விசுவமடுவில் அவிழ்த்து விட்டுவிட்டு நடந்தவர். மீளக்குடியேறிய பிறகு வவுனியா வியாபாரி ஒருவரின் எருமைகளை வாரத்துக்கு எடுத்து மேய்த்தார். பாலும் தயிரும் மேய்க்கிறவருக்கு. பிறக்கிற கன்றில் ஆளுக்குப் பாதி. எழுத்தில் எதுவும் இல்லை. பத்து வருடம் பிரச்சினையில்லாமல் ஓடிய ஏற்பாடு அந்த ஒரு கிழமையோடு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. மத்தியஸ்த சபையிலும் தீரவில்லை.

வழக்காளி இரண்டு நட்டங்களைக் கேட்டார். குளிரில் செத்த 11 எருமைகளின் பெறுமதி ஒன்று. அந்த வருடமும் அதற்கு முந்திய வருடமும் பிறந்திருக்க வேண்டிய, ஆனால் கணக்கில் வராத கன்றுகளின் பெறுமதி மற்றது. இத்தனை பெண்ணெருமை இருக்கும் பட்டியில் இவ்வளவுதானா கன்று? மீதியை இவர் இரகசியமாக விற்றுவிட்டார் என்பதே அதன் பொருள். முதலாவதைப் பற்றி என் கட்சிக்காரர் கவலைப்படவேயில்லை. "செத்ததுக்குக் கேக்கட்டும் சேர், அவற்றை மாடு. கண்டு வித்தனான் எண்டு எழுதிப்போட்டாரே" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சட்டம் அவருக்கு எளிதாக இல்லை. எங்கள் ரோமன்-டச்சுச் சட்டத்தில், பிறர் பொருளைப் பொறுப்பேற்றவர் அது அழிந்தால் தன் கவனயீனத்தால் அழியவில்லை என்று தானே காட்ட வேண்டும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவும், ஒருவருக்கு மட்டுமே விசேடமாகத் தெரிந்த விடயத்தை எண்பிக்கும் சுமையை அவர் தலையிலேயே வைக்கிறது. காட்டோரப் பட்டியில் இரவில் நடந்தது மேய்ப்பனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

முதலாவது எழுவினாவைக் கால்நடை வைத்தியர் முடித்து வைத்தார். அவர் பேசியது சபைக்கல்ல, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. எருமைக்கு மயிர் ஐது. வியர்வைச் சுரப்பியும் குறைவு. சூட்டைத் தணிக்க வேறு வழியில்லாமல்தான் அது தண்ணீரில் கிடக்கிறது. அதனால் குளிரைத் தாங்கும் என்று ஆகாது. நனைந்த தோலில் காற்று விடாமல் அடித்தால் உடல் வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். வயிறு நிறைந்திருந்தால் அசையூண் வயிற்றில் தீனி புளிக்கும்போது உண்டாகும் சூடு காப்பாற்றும். வெறும் வயிற்றுக்கு அதுவும் இல்லை. செத்தவற்றில் பெரும்பாலானவை கன்றுகளும், கிழட்டு மாடுகளும், நிறை சினைகளும். உடற்கூற்றுப் பரிசோதனையில் கொழுப்பே இல்லை.

"ஏன் வயிறு வெறுமை? தீனி போடாதது யார் பிழை?" என்று எதிர்த்தரப்பு பாய்ந்தது. இதற்கு வைத்தியர் தேவையில்லை. வன்னியில் இருக்கிற எவரும் பதில் சொல்லலாம். டிசம்பர் பெரும்போகக் காலம். வயல் முழுக்க நெல். குளங்கள் நிரம்பிவிடுவதால் கோடையில் புல் முளைக்கும் குளத்தடி தண்ணீருக்குள். மேட்டில் ஏறினால் வன எல்லைக்கல். அதைத் தாண்டினால் மேய்ப்பன் நீதவான் முன் நிற்க வேண்டும். ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் தரை அந்தப் பகுதியில் கிடையாது. கூண்டில் ஏறிய என் கட்சிக்காரர் இதையெல்லாம் ஒரே வரியில் முடித்தார்: "மாரியிலை எருமைக்கு நிக்க இடமில்லை ஐயா, நிண்ட இடத்திலை செத்தது."

கன்றுக் கணக்குத்தான் உண்மையான வழக்கு.

அதற்கு அவரிடம் கொப்பி இல்லை, இரசீது இல்லை. பட்டியில் இருந்த எருமைகளின் பெயர்களைச் சொல்லும்படி நீதிபதி கேட்டார். சோதித்துப் பார்க்கத்தான் கேட்டிருக்க வேண்டும். கூழைவாலி, அவளின் மகள் சுட்டி, சுட்டியின் தங்கச்சி ஒற்றைக்கொம்பி... தாய்வழியாகவே கொடி பிடித்துப் போனார். எது எந்த மழைக்குக் கன்று போட்டது, எது நாகாக நிற்கிறது, எது ஏழாம் எட்டாம் மாதத்தில் கலைத்தது. சுருக்கெழுத்தாளர் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார். நீதிபதி நிறுத்தவில்லை.

எருமைக்குச் சினைக்காலம் பத்து மாதத்துக்கு மேல். அதில் ஏழு, எட்டில் அடுத்தடுத்துக் கலைகிறது, இளங்கொடியும் விழாமல் தொங்குகிறது என்றால், வைத்தியர் முதலில் சந்தேகிப்பது புரூசெல்லா நோயை. விழுந்த கருவை விடிவதற்குள் நாய், நரி இழுத்துப் போய்விடும். நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது. ஒழுங்காகப் பிறந்த கன்றின் இளங்கொடியைப் பையில் கட்டிப் பால்மரத்தில் தூக்குவது எங்கள் வழக்கம். அந்தப் பைகளை எண்ணலாமே என்று என் கட்சிக்காரர் சொன்னபோது எதிர்த்தரப்பு சிரித்தது. உக்கிப்போன பைகளை எப்படி எண்ணுவது? அது நியாயமான ஆட்சேபம்தான்.

அவரைக் காப்பாற்றியவை இரண்டு காகிதங்கள். நாலாவது எருமை கலைத்ததும் அவர் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். குளிருக்கு ஐந்து மாதம் முன்னரே அங்குள்ள பதிவேட்டில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. இரத்தம் எடுத்தார்கள், பலவற்றில் புரூசெல்லா இருந்தது. இரண்டாவது காகிதத்தை வழக்காளியே எங்களுக்குத் தந்தார். தன் உரிமையை நிரூபிக்க 'வ3' என்று அடையாளமிட்டு அவர் சமர்ப்பித்த மாட்டுச்சீட்டு, 2021இல் வேறு பட்டியொன்றிலிருந்து வாங்கி இந்தப் பட்டிக்குள் விட்ட மூன்று சினை எருமைகளுக்கு உரியது. இரத்தப் பரிசோதனை செய்து வாங்கினீர்களா என்று கேட்டேன். இல்லை. அந்த மூன்றில் எத்தனை கலைத்தது? இரண்டு. அதற்கு முந்திய வருடங்களில் கன்றுக் கணக்குப் பற்றி எப்போதாவது முறைப்பட்டீர்களா? இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மூன்று எருமைகள்தான் நோயைக் கொண்டு வந்தன என்று இதனால் நிறுவப்படவில்லை, உண்மை. ஆனால் கன்று காணாமல் போவதற்குத் திருட்டைத் தவிர வேறு காரணமே இல்லை என்ற வாதம் அத்தோடு விழுந்தது. இப்படிப் பழி மாறுவது வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் காட்டெருமைகளிடம் இதே நோய் 1917இல் கண்டறியப்பட்டது. வளர்ப்பு மாடுகளிடமிருந்து தொற்றியது. பிறகு அதே காட்டெருமை தன் மாடுகளுக்கு நோய் தரும் என்று மொன்டானா மாநிலம் 1995இல் மத்திய அரசுமேல் வழக்குப் போட்டது. அது 2000ஆம் ஆண்டு ஒரு கூட்டு முகாமைத் திட்டத்தில் போய் முடிந்தது. நோய் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு வாயில்லாப் பிராணிமேலும் அதை மேய்க்கிறவன்மேலும் பழி போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல.

வழக்கு தள்ளுபடியானது. என்னுடைய எதிர்க்கோரிக்கையும் தள்ளுபடியானது. கலைந்த கன்றுகளில் மேய்ப்பருக்குச் சேர வேண்டிய பாதியை நான் கேட்டிருந்தேன். பிறக்காத கன்றின் விலை ஊகம், வழக்காளி நோயை அறிந்திருந்தார் என்பதற்கும் சான்றில்லை என்றார் நீதிபதி. சட்டப்படி சரி. ஆனால் ஒரு பட்டியை அழிப்பது பெரும்பாலும் இந்த ஊகம்தான். செத்த மாட்டை எண்ணிப் படம் எடுக்கலாம். நிவாரணப் படிவத்தில் அதற்கு ஒரு நிரல் இருந்தது. சினை கலைந்ததற்கு நிரல் இல்லை. என் கட்சிக்காரர் அந்தப் படிவத்தை என்னிடம் கொண்டுவந்து, "இதுகளை எதிலை எழுதுறது சேர்?" என்று கேட்டது இப்போதும் நினைவில் இருக்கிறது.

அவருக்கே மாதக்கணக்காக விட்டு விட்டுக் காய்ச்சல் இருந்ததும், மூட்டு நோவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததும் வழக்கின் நடுவில்தான் தெரிந்தது. வைத்தியர் வாசலில் வைத்துக் கேட்டார். ஆஸ்பத்திரியில் பரிசோதித்து அதே நோய்க்கு ஆறு கிழமை மருந்து கொடுத்தார்கள். விழாத இளங்கொடியை வெறுங்கையால் இழுத்தவர்.

பட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சட்டத்தரணியாக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சினை கலைந்தால் அன்றைக்கே கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதியுங்கள். கலைந்ததைக் கையுறையில்லாமல் தொடவேண்டாம். நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். புது எருமையை இரத்தம் பார்க்காமல் பட்டிக்குள் விடவேண்டாம். பாலைக் காய்ச்சாமல் குடிக்கவேண்டாம். வாரத்துக்குக் கொடுத்தாலும் எடுத்தாலும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்.