தேநீர்க் கடையில் அம்மா

பத்து பாகாட் பட்டணத்துக்குச் சாமான் வாங்க வரும் அன்பர்களே, ஒரு நாளாவது காலையில் சீனர் தேநீர்க் கடையில் பசியாறிப் பாருங்கள். என் தாயார் நாற்பது ஆண்டுகள் அப்படியொரு கடை வாசலைக் கடந்து போனாரே தவிர, உள்ளே நுழைந்ததில்லை. "அவர்கள் பாஷை நமக்கு என்ன தெரியும்?" என்பார். சென்ற மாதம் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க வந்தது திம்சம். கன்டோனிய மொழியில் 'நெஞ்சைத் தொடுவது' என்று பொருள். பன்றி இறைச்சி சேர்ந்தவை பல உண்டு. வேண்டாதவர்கள் கேட்டு வாங்குங்கள். நாங்களும் கேட்டுத்தான் வாங்கினோம். தேநீர் தீர்ந்தால் கூவ வேண்டாம். கெண்டியின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் வெந்நீர் வரும். ஊற்றுகிறவருக்கு நன்றி சொல்ல, மேசையில் இரு விரலால் தட்டினால் போதும்.

அம்மா தயங்கித் தயங்கித் தட்டினார். கடைக்காரர் சிரித்துத் தலையசைத்தார்.

கன்டோனியர் சொல்லும் 'சா'தான் நம் சாயா. இவ்வூரில் மிகுந்த ஹொக்கியன்காரர் சொல்லும் 'தே'தான் நம் தேயிலை என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

"அடடே, பாதி பாஷை எனக்கு முன்பே தெரியுமா!" என்று சொல்லி, இன்னொரு கோப்பைக்கு மூடியைத் திறந்து வைத்தார்.