டைகர் வந்த வீடு

ஆடி 18

பதினெட்டாம் பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டுத் திரும்பிய குடும்பத்தின் கையில் மூன்று பாலித்தீன் பைகள். ஒன்றில் மூன்று டைகர் பார்ப், ஒன்றில் ஆறு கப்பி, தனிப் பையில் நீலநிற ஆண் பைட்டர். "அண்ணே, எல்லாத்தையும் ஒரே தொட்டியில விடலாமா?" என்று கடையில் எட்டாம் வகுப்புப் பையன் கேட்டிருந்தான். "விடு தம்பி, நாலு நாள்ல பழகிடும்" என்று பதில் வந்தது.

துறையூரில் பஸ் மாறி உப்பிலியபுரம் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. பைகளை அவிழ்க்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, உள்ளும் வெளியும் சூடு ஒத்துப்போன பிறகே மீன்களை விட்டார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. முழுக்க நிறைத்தால் சுமார் 54 லிட்டர். மணலும் கல்லும் அதிலேயே இடம் பிடித்திருந்தன.

ஆடி 19

காலையில் பெரிய கப்பியின் வால், காற்றில் கிழிந்த வாழையிலை மாதிரி தொங்கியது. பைட்டர் பில்டருக்குப் பின்னால் துடுப்புகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. மூச்சு வாங்க மட்டும் மேலே வந்தது. வந்தபோதெல்லாம் ஒரு டைகர் கீழிருந்து பாய்ந்து அதன் துடுப்பு நுனியைக் கிள்ளிக்கொண்டு ஓடியது.

பையனின் அம்மா பள்ளி ஆசிரியை. ஒரு பழைய நோட்டை எடுத்து, யார் யாரைத் துரத்தினாலும் ஒரு கோடு என்று குறிக்க ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் பக்கம் நிறைந்துவிட்டது. எல்லாக் கோடும் டைகர் கணக்கில்.

ஆடு மாடு பழகும். தொழுவத்துக்குப் புதிதாக வந்த மாடு நாலு நாள் முட்டுப்பட்டு, பிறகு தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். தொட்டி மீனுக்கு அந்த வழி கிடையாது. பைட்டரின் சொந்த ஊரான தாய்லாந்தின் வயல்களிலும் வாய்க்கால்களிலும் தோற்ற மீன் செடிகளுக்குள் ஓடி மறைந்துவிடும். சண்டை அத்தோடு முடியும். இரண்டடிக் கண்ணாடிக்குள் எங்கே ஓடும்? துரத்தும் மீனுக்குத் தன் எதிரி இன்னும் தோற்கவில்லை என்றே தோன்றும், மறுபடி துரத்தும்.

ஆடி 21

ஒரு கப்பி செத்துவிட்டது. மீதி ஐந்தும் கொல்லைப்புறச் சிமெண்டுத் தொட்டிக்குப் போயின. அங்கே கொசுப்புழு இருக்கிறது. பைட்டர் ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்கு மாறியது. முகம் பார்க்கும் கண்ணாடியை ஜாடியருகே காட்டியதும் அது செவுள் மூடிகளை விரித்து, கிழிந்த துடுப்புகளையும் முழுசாகப் பரப்பி நின்றது. அடிபட்டாலும் ரோஷம் போகவில்லை.

பைட்டருக்கு எல்லா மீனும் எதிரியல்ல. தன்னைப் போல நீண்ட துடுப்பும் பளிச்சென்ற நிறமும் கொண்டதுதான் எதிரி. அதனால்தான் ஆண் கப்பியையே அது இன்னொரு பைட்டர் என்று எண்ணித் தாக்குவதுண்டு. நிறம் ஒரு மீனை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு நீகோ டின்பெர்கன் சொன்ன சம்பவம் ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் அவர் ஸ்டிக்கில்பேக் என்ற சின்ன மீனை வளர்த்து ஆராய்ந்தார். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் அடிவயிறு சிவக்கும். ஜன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி போனபோது தொட்டியிலிருந்த ஆண்கள் அந்தப் பக்கமாகப் பாய்ந்து சண்டைக்கு நின்றன. அச்சு அசல் மீன் போன்ற, ஆனால் சிவப்பில்லாத பொம்மையைவிட, அடியில் சிவப்புப் பூசிய வெறும் கட்டையைத்தான் அவை அதிகம் தாக்கின. விலங்கு நடத்தை ஆய்வுகளுக்காக அவருக்கு 1973இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆடி 26

டைகர் கதை வேறு. சுமத்ராவிலிருந்து வந்த இந்த மஞ்சள்-கறுப்புப் பட்டை மீன் கூட்டமாக வாழ்வது. யார் பெரியவன் என்று தங்களுக்குள்ளேயே ஓயாமல் தீர்த்துக்கொள்ளும். எட்டுப் பத்து இருந்தால் அந்தக் கிள்ளல் கூட்டத்துக்குள்ளேயே பங்காகிப் போகும். மூன்றாக வாங்கிவந்தால் பக்கத்து மீனின் துடுப்பில் வந்து முடியும். சண்டைக்கார மீனைக் குறைவாக வாங்குவது பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. டைகர் விஷயத்தில் அது நேர்மாறு. கூட்டம் பெரிதானாலும் ஏஞ்சல், கப்பி, கௌராமி, பைட்டர் ஆகியவற்றை மட்டும் இதோடு சேர்க்கவே கூடாது. மெதுவாக நீந்துவதும் நீளத் துடுப்பு வைத்திருப்பதும் டைகரின் முன்னால் பெரிய ஆபத்து.

ஆவணி 4

இன்று நோட்டில் கோடுகள் இல்லை, படிப்புதான். தென்னிந்தியா, இலங்கை ஆறுகளிலும் கழிமுகங்களிலும் வாழும் ஆரஞ்சு குரோமைடு பற்றி அம்மா ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். ஆணும் பெண்ணுமாக முட்டையையும் குஞ்சையும் காக்கும். குஞ்சுகள் பெற்றோர் உடம்பின் சளிப்படலத்தைக் கொத்தித் தின்னும். அந்த நாட்களில் பக்கத்தில் எந்த மீனையும் நெருங்க விடாது.

அதே மீன்தான், கேரளத்துக்காரர்கள் பொரித்துச் சாப்பிடும் கரிமீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்கிறது. வைமன், வார்டு என்ற இருவர் 1972இல் இதை எழுதினார்கள். சமயம் வாய்த்தால் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் பள்ளத்தி தின்றுவிடும் என்பதும் தெரிந்த சேதி. இந்த இரண்டு மீன் இனங்களுக்குள்ளேயே வைத்தியமும் திருட்டும்! ஆகவே "இது சாதுவா, முரடா?" என்று கடையில் கேட்பதில் பாதிப் பயன்தான் உண்டு. எதற்காகச் சண்டை போடும் என்று கேட்க வேண்டும். பைட்டருக்குத் தன் சாயல், டைகருக்குக் கூட்டத்தில் இடம், பள்ளத்திக்குக் குஞ்சு. அந்தக் காரணத்தைத் தூண்டாத மீன்தான் நல்ல துணை.

ஆவணி 9

பையனுக்குக் குட்டிப் பஃபர் வேண்டுமாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்க ஆறுகளில் வாழும் மீன் அது. 1941இல் ஹோராவும் நாயரும் பெயரிட்டார்கள். மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான். நத்தை ஓட்டை உடைக்கிற பல் அதற்கு. துடுப்பைக் கடிக்க எவ்வளவு நேரமாகும்? தன் இனத்தோடு, செடி அடர்ந்த தனித் தொட்டியில்தான் வைக்க வேண்டும். போதாததற்கு, ஆற்றில் பிடித்துப் பிடித்தே எண்ணிக்கை குறைந்துவருகிறது. அம்மா வேண்டாம் என்றுவிட்டார். சரியான முடிவு.

ஆவணி 16

துறையூரில் ஒருவர் விற்ற பழைய மூன்றடித் தொட்டி வந்து பத்து நாளாகிறது. பழைய பில்டரின் பஞ்சை அப்படியே புதியதில் வைத்து ஓடவிட்டிருந்தார்கள். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. இன்று டைகர் எட்டு, ஜீப்ரா மீன் ஆறு. ஜீப்ராவும் வேகக்காரன், துடுப்பும் குட்டை.

மூன்று பழைய டைகர்களை முதலில் விட்டிருந்தால் தொட்டி முழுக்கத் தங்களுடையது என்று பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு விட்டார்கள். கற்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி அடுக்கியிருந்தார்கள். கண்ணில் படாததைத் துரத்த முடியாது.

ஆவணி 29

டைகர்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றித் துரத்துகின்றன. கோடு போட்டால் இன்றும் பக்கம் நிறையும். ஆனால் எந்தத் துடுப்பும் கிழியவில்லை. ஜீப்ராக்கள் மேல்மட்டத்தில் தம் பாட்டுக்கு ஓடுகின்றன. பழைய இரண்டடித் தொட்டி பைட்டருக்கும், தரையைத் துழாவித் திரியும் ஆறு கோரி மீன்களுக்கும். காய்ந்த பாதாம் இலை ஒன்றை மிதக்கவிட்டிருந்தார்கள். அதன் அடியில் பைட்டர் நுரைக்கூடு கட்டியிருக்கிறது.

கொல்லைத் தொட்டியில் பெரிய கப்பியின் வால் வளர்ந்துவிட்டது. புதிதாக வந்த ஓரத்துக்கு இன்னும் நிறம் ஏறவில்லை. அந்த இடத்தில் மட்டும் வாலுக்குப் பின்னால் இருக்கும் பாசி தெரிகிறது.