சுரங்கத்துக்கு அப்பால்

அடல் சுரங்கம் மணாலியின் சிரமத்தைக் குறைத்தது. ஆனால் ஸ்பிதி போகும் புதிய மோட்டார் சைக்கிள்காரர்களுக்குச் சோதனை இப்போது தாமதமாகத்தான் தொடங்குகிறது.

9.02 கி.மீ. நீளச் சுரங்கத்தில் சில நிமிட ஓட்டம். வெளியே வந்தால் லாஹௌல். 2020 அக்டோபரில் இது திறக்கப்படும்வரை, மணாலியிலிருந்து வடக்கே போகும் வண்டிகள் 3,978 மீட்டர் உயர ரோத்தங் கணவாயை ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. சேறும் பனியும் லாரி வரிசையும் படுத்திய பாட்டில் வண்டியின் கோளாறும் ஓட்டுபவரின் பலவீனமும் அங்கேயே தெரிந்துவிடும். பாதியில் திரும்பினாலும் மணாலி பக்கத்தில்தான் இருந்தது. இப்போது அந்த ஒத்திகை இல்லை.

கிராம்ஃபூவில் ஸ்பிதிக்குப் பாதை பிரிகிறது. அங்கிருந்து பாதல்வரை ஏறக்குறைய 50 கி.மீ., சந்திரா நதியை ஒட்டிய வழி. பெயர்தான் நெடுஞ்சாலை, பல இடங்களில் உருண்டைக் கற்களும் மணலும்தான். குறுக்கே பாயும் ஓடைகளை இங்கே ‘நாலா’ என்கிறார்கள். காலையில் கணுக்காலை நனைக்கும் நாலா, வெயிலில் பனி உருகியபின் பிற்பகலில் முழங்காலைத் தொடும். அதனால்தான் அனுபவசாலிகள் விடியும்முன் கிளம்புகிறார்கள்.

இந்தச் சாலைக்கு எந்த வண்டி? வாடகைக் கடைகளில் புதியவர்களின் கண் பெரும்பாலும் பெரிய எஞ்சின் மீதே போகிறது. ஆனால் கல்லில் சறுக்கி விழுந்த வண்டியைத் தனியாளாக நிமிர்த்த முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. 2016ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் எடை 180 கிலோவுக்கு மேல். 2019ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 160 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதன் இருக்கை சுமார் 82 செ.மீ. உயரம், குள்ளமானவருக்குக் கால் எட்டாது. கால் எட்டாதவர் நாலாவின் நடுவே நின்றால் விழுவது நிச்சயம். இரண்டிலுமே முன்சக்கரம் 21 அங்குலம். கற்களின்மேல் ஏறிப் போக அது உதவும். பந்தயத்துக்கென்றே செய்யப்படும் மோட்டோகிராஸ் வண்டிகள் இன்னும் இலகுவானவை. ஆனால் அவற்றைப் பதிவு செய்து பொதுச் சாலையில் ஓட்ட முடியாது.

வண்டி எதுவானாலும், தங்குமிடத்தில் மாலையில் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்கியாக வேண்டும். முதலில் ஏர் ஃபில்டர். தூசி சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனையும் ரிங்குகளையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். காகித ஃபில்டரைத் தட்டித் தூசி போக்கலாம், அடைத்திருந்தால் மாற்ற வேண்டும்; ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். அடுத்து செயின். தண்ணீரில் இறங்கினால் அதன் மசகு கழுவிக்கொண்டு போய்விடும். துடைத்து மீண்டும் தடவ வேண்டும். தொய்வாகத் தெரிகிறதே என்று முறுக்கிவிடுவது புதியவர்களின் வழக்கமான தவறு. பள்ளத்தில் பின்சக்கரம் மேலெழும்போது செயின் தானாக இறுகும். முன்பே இறுக்கினால் பேரிங் கெடும். கம்பிகளை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தால், தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். கடைசியில் நட்டு போல்ட்டுகள். குலுங்கும் சாலையில் அவை தாமே கழன்றுகொள்ளும்.

நாலாவில் எஞ்சின் நின்றால் உடனே ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைக் கரைக்குத் தள்ளி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகே முயல வேண்டும். எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் அதை மாற்றாமல் ஒரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது. வழியில் மெக்கானிக் கடை கிடையாது என்பதால் ஒரு லிட்டர் ஆயில், பிளக், கிளட்ச் கேபிள், ட்யூப் ஆகியவை பையில் இருப்பது நல்லது.

பாதலைத் தாண்டி குன்ஜம் கணவாய், 4,500 மீட்டருக்கு மேல். கடல் மட்டத்தைவிட இங்கே ஆக்சிஜன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. பழைய கார்புரேட்டர் வண்டிகள் காற்றுப் போதாமல் கரும்புகை கக்கும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கலவையைச் சரிசெய்துகொண்டாலும் சக்தி குறையத்தான் செய்யும். ஓட்டுபவருக்கும் அதே கதிதான்: தலைவலியும் மூச்சிரைப்பும் வந்தால் ஏறுவதை நிறுத்திக் கீழே இறங்க வேண்டும்.

கணவாயின் உச்சியில் குன்ஜம் தேவி கோயில். வரும் வண்டிகள் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மறுபக்கம் இறங்குகின்றன. காசா இன்னும் பல மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அந்த இறக்கத்தில் பிரேக் பேடுகள் தேய்ந்திருந்தால் சமாளிப்பது கடினம். கோயிலைச் சுற்றியவர்கள் குனிந்து அவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது உத்தமம்.