கால் குழாயே போதும்

சேலையூர்,
கிழக்குத் தாம்பரம்.

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆஞ்சியோ ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தேன். முன்பக்கக் குழாயில் 90 சதவீதம், பக்கவாட்டுக் கிளையில் 80, வலது குழாயில் 70. சர்க்கரைக்காரர்களுக்கு மூன்று குழாயிலும் அடைப்பு என்றால் ஸ்டென்ட்டைவிட பைபாஸே நல்லது. அதில் மறுபேச்சு இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்பாய். அதனால்தான் காகிதம்.

உன் கடைக்கு வந்த பைபாஸ்காரர் ஒருவர், "எனக்கு எல்லாமே ஆர்ட்டரி, உனக்கு மட்டும் ஏன் கால் நரம்பு?" என்று கேட்டாராமே. அன்றிலிருந்து டாக்டர் உன்னை இளக்காரமாக நினைத்துவிட்டார் என்று உனக்குக் குடைச்சல். தையல்கடைப் பேச்சை நம்பி நெஞ்சைத் திறக்க முடியுமா?

இதில் முக்கியமான குழாய் ஒன்றே ஒன்றுதான். மார்பெலும்புக்கு உட்புறம் இடதுபக்கமாக இறங்கும் தமனி. தியேட்டரில் அதை 'லீமா' என்போம். அதை முன்பக்கக் குழாயில் இணைத்தால் பத்து வருஷம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் திறந்தே இருக்கும். அப்படிச் செய்துகொண்டவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் மருத்துவமனைக்காரர்கள் 1986லேயே எழுதிவிட்டார்கள். உன் டாக்டர் எழுதிய திட்டத்தில் லீமா இருக்கிறது. நான் முதலில் தேடியது அதைத்தான்.

மற்ற இரண்டுக்கும் அவர் எழுதியிருக்கும் கால் குழாயைப் பற்றித்தான் பேச்சே. வலது மார்புத் தமனியையும் எடுக்கலாம். ஆனால் மார்பெலும்புக்கு ரத்தம் போவதே இந்த இரண்டு தமனிகளால்தான். இரண்டையும் எடுத்துவிட்டால் எலும்பு சேரத் திணறலாம், புண் சீழ் பிடிக்கலாம். ஏழு நாடுகளில் 3,102 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் பத்தாண்டு முடிவு 2019ல் வந்தது. ஒரு மார்புத் தமனி, இரண்டு மார்புத் தமனி என்று பிரித்த இரு பிரிவிலும் சாவு ஏறக்குறைய சமம். மார்பெலும்புப் புண் தொல்லை மட்டும் ஒரு தமனிக்காரர்களின் 1.9 சதவீதத்துக்கு எதிராக இரண்டு தமனிக்காரர்களுக்கு 3.5 சதவீதம். உன் மூன்று மாதச் சர்க்கரை 9க்கு மேல், உடம்பும் கனம். அந்த வம்பு உனக்கு வேண்டவே வேண்டாம். மார்பெலும்பு சீழ் பிடித்தவர்களுக்கு வார்டில் கட்டு மாற்றியவள் நான். அது என்ன வேதனை என்று எனக்குத் தெரியும்.

கைத் தமனி கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான். 1970களில் பிரான்சில் எடுத்துப் பார்த்து, அது சுருங்கிச் சுருங்கி மூடிக்கொள்கிறது என்று கைவிட்டார்கள். சுருக்கத்தைத் தடுக்கும் மாத்திரைகளோடு 1990களில் திரும்ப வந்தது. 2018ல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கால் குழாயைவிடக் கைத் தமனி மேல் என்றே தெரிந்தது. ஆனால் உன் வலது மணிக்கட்டு வழியாகத்தான் ஆஞ்சியோ போட்டார்கள். கம்பி போன தமனியின் உட்சுவர் அடிபட்டிருக்கும், அதை எடுக்க யோசிப்பார்கள். இடது கை மிச்சம். உன் கிரியாட்டினின் 1.8. கடவுள் காப்பாற்றட்டும், நாளை டயாலிசிஸ் என்று வந்தால் அந்தக் கை வேண்டும். எடுத்த இடத்தில் சிலருக்குக் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகிறது. துணியைப் பிடித்துத் தள்ளும் கை அது. இன்னொன்று, அடைப்பு கடுமையாக இல்லாத குழாயில் வைத்தால் கைத் தமனி வேலையற்றுச் சூம்பிவிடும். உன் வலது குழாயில் 70தானே. அங்கே கால் குழாய்தான் சரி. பக்கவாட்டுக் கிளைக்கு மட்டும் "இடது கை ஆகுமா?" என்று ஒரு வார்த்தை கேள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. நானாக இருந்தால் கையை விட்டுவிடுவேன்.

கால் குழாயின் குறையையும் மறைக்க மாட்டேன். பத்து வருஷத்தில் ஏறக்குறைய பாதி அடைத்துப்போகும் என்பது பழைய கணக்கு. ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் விடாமல் சாப்பிட்டு, பீடியைத் தொடாதவர்களுக்கு இன்னும் நன்றாகவே உழைக்கிறது. பீடியை விட்டுவிட்டதாக நீ சொல்கிறாய். உன் வீட்டுக்காரி சொல்வது வேறு. கணுக்காலில் கொஞ்ச நாள் வீக்கம் இருக்கும், சர்க்கரையால் கால் புண் ஆறத் தாமதமாகலாம். அதற்கு நான் இருக்கிறேன்.

பைபாஸ் என்று பயப்படாதே, நம் ஊருக்கு அது புதிதல்ல. இந்தியாவின் முதல் பைபாஸை டாக்டர் கே.எம். செரியன் 1975ல் செய்தது நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோதும் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். 2025 ஜனவரியில் அவர் காலமான செய்தி வந்த அன்று, பழைய சிஸ்டர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொண்டோம்.

ஆஞ்சியோ சிடியை மறக்காமல் எடுத்து வா. இடது கையில் யாரையும் ஊசி குத்தவிடாதே. குளோபிடோக்ரெல் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார், நீயாக நிறுத்தாதே. நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கு. அத்தான் கிழக்குப் பக்கம் ஆட்டோவோடு நிற்பார். பெட்டியை நீ தூக்காதே.

அன்புடன்,
உன் அக்கா